எந்தச் சூடு என்று பிரித்தறிவது எப்படி: சீன மருத்துவத்தின் உள்வெப்பம், படிப்படியாக

வாய்ப்புண், கண் எரிச்சல், தொண்டை வலி, திடீரென்று முகத்தில் கிளம்பும் பரு. இதில் எது வந்தாலும் குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் ஜனங்கள் சொல்வது உள்ளே நெருப்பு ஏறிவிட்டது என்றுதான். மாண்டரினில் ஷாங்ஹுவோ, கான்டனீஸில் யித்ஹெய். உடனே தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் லியாங்சா வாங்கிக் குடிப்பார்கள். பெயர்தான் தேநீர், பெரும்பாலும் தேயிலையே இருக்காது, கறுப்பாகக் கசக்கும் மூலிகைக் கஷாயம் அது. குவாங்சோவின் வாங்லாவ்ஜி என்ற பெயர் 1828-லிருந்து இந்தக் கஷாயத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, 2006-ல் சீனா லியாங்சாவைத் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கும் இந்தப் பேச்சு பழக்கம்தான், டுரியான் சாப்பிட்ட கையோடு மங்குஸ்தான் சாப்பிடச் சொல்லும் சீன நண்பர் அங்கே எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார்.

ஒரே கஷாயம் ஒருவருக்கு மறுநாளே வாய்ப்புண்ணை ஆற்றுகிறது, இன்னொருவருக்கு வயிற்றைக் கெடுத்து ஆளைச் சோர வைக்கிறது, மூன்றாமவருக்கு இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி அதே இடத்தில் புண் வருகிறது. கடையில் இதற்குப் பதில் கிடைக்காது, சீன மருத்துவரிடம் கிடைக்கும். அவர் கணக்கில் சூடு என்பது நோயின் பெயரே கிடையாது, அது ஒரு அறிகுறித் தொகுப்பு. அந்தத் தொகுப்பு குறைந்தது ஐந்து வேறு வேறு காரணங்களால் உருவாகலாம், ஐந்துக்கும் ஐந்து வழி வைத்தியம், ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றைக் கெடுக்கும். எதைக் குடித்துத் தணிப்பது என்பது கடைசிக் கேள்வி. இது எந்தச் சூடு என்பதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் தேடுகிற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே கல்லீரல், இதயம், மண்ணீரல் என்று வருவதெல்லாம் சீன மருத்துவத்தின் செயல்பாட்டுப் பெயர்கள். "கல்லீரலில் நெருப்பு" என்றால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் ஊர் சித்த மருத்துவத்தின் பித்தத்தோடும் இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள், இரண்டும் வேறு வேறு கட்டுமானம், கலந்தால் இரண்டுமே குழம்பும்.

படி 1: மருத்துவமனைக்குப் போக வேண்டியதை ஒதுக்குங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இரவு வியர்வையும் எடை குறைவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை. தீராத தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரை. படபடப்பு, கை நடுக்கம், வெயில் தாங்காமை, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது என்றால் தைராய்டு. கண் மஞ்சளானாலோ, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் வந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தாலோ, மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் நின்றாலோ டாக்டரிடம் போங்கள். இவை எல்லாவற்றுக்கும் சீன மருத்துவத்திலும் ஏதோ ஒரு சூட்டுப் பெயர் கிடைக்கும், பொருத்தமாகவும் தெரியும். அதனால்தான் இந்தப் படி முதலில் வருகிறது.

படி 2: தகவலைச் சேருங்கள், முடிவைத் தள்ளிப் போடுங்கள்

சீன மருத்துவர் நான்கு வழியில் பார்க்கிறார்: பார்ப்பது, கேட்பதும் முகர்வதும் சேர்ந்த ஒன்று, விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. வீட்டில் நாமே செய்யக்கூடியதில் மிகவும் உதவுவது நாக்கு, தாகம், நேரம், சிறுநீர் ஆகிய நான்கும்தான். நாடி பிறகு.

நாக்கைக் காலையில், ஜன்னல் வெளிச்சத்தில், எதுவும் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான சிக்கல் உண்டு, நாம் பல் தேய்க்கும்போதே நாக்கையும் வழித்துவிடுகிறோம். வழித்த நாக்கில் படிவு இருக்காது, படிவு இல்லாத சிவந்த நாக்கு என்பது சீன மருத்துவத்தில் வறட்சிக்கான பெரிய அடையாளம், ஆக தினமும் நாக்கு வழிக்கிற ஒருவர் தன்னைத்தானே தவறாகக் கணித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வழிப்பதற்கு முன் பாருங்கள், முடிந்தால் இரண்டு மூன்று நாள் வழிக்காமல் விட்டுப் பாருங்கள். காபி, வெற்றிலை, நாவல்பழம், பி வைட்டமின் மாத்திரை எல்லாம் படிவுக்குச் சாயம் ஏற்றிவிடும். நாக்கைப் பதினைந்து விநாடிக்கு மேல் நீட்டிக்கொண்டே இருந்தால் நிறம் கறுத்துவிடும், உள்ளே இழுத்துவிட்டுத் திரும்ப நீட்டுங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு: நாக்கின் சதை என்ன நிறம், மேலே இருக்கும் படிவு என்ன நிறம், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு ஈரம். சதை இளஞ்சிவப்பாக, படிவு மெல்லிய வெள்ளையாக இருந்தால் இயல்பு. சதை சிவந்தால் சூடு. படிவு மஞ்சளானாலும் சூடு. ஆனால் இரண்டும் சேர்ந்து வருகிறதா, ஒன்று இருந்து இன்னொன்று இல்லையா என்பதில்தான் வகை பிரிகிறது.

தாகத்தைப் பற்றி எழுதும்போது "தாகம் உண்டு" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், ஜில்லென்று வேண்டுமா வெதுவெதுப்பாக வேண்டுமா, குடித்தால் தீருகிறதா, இரவில் மட்டும் வாய் காய்கிறதா, தாகமிருந்தும் குடிக்கப் பிடிக்கவில்லையா, இப்படிப் பிரித்து எழுதுங்கள். என் அபிப்பிராயத்தில் நாக்குக்கு அடுத்தபடி இத்தனை விஷயம் சொல்லும் கேள்வி வேறில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிற கேள்வியும் இதுதான். நேரமும் அப்படியே: சூடு நாள் முழுதும் இருக்கிறதா, மாலையில் ஏறுகிறதா, கோபம் வந்தால் ஏறுகிறதா, வேலை செய்தால் ஏறுகிறதா.

படி 3: வெளியிலிருந்து வந்ததா, உள்ளே பிறந்ததா

குளிரும் காய்ச்சலும் ஒன்றாக, உடம்பு வலியோடு, ஓரிரு நாளில் தொடங்கியிருந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நோய், இந்தக் கட்டுரையின் விஷயமல்ல. சூச்சோவில் வைத்தியம் பார்த்த யே தியன்ஷி (1667–1746) இப்படி வெளியிலிருந்து வரும் சூடு வெய், ச்சி, யிங், ஷுவே என்று நான்கு அடுக்காக உள்ளே இறங்குவதை விவரித்தார். மேலடுக்கில் லேசான காய்ச்சலும் தொண்டை வலியும், இரண்டாவதில் கொதிக்கும் காய்ச்சல், மூன்றாவதில் இரவில் ஏறும் சூடும் கருஞ்சிவப்பு நாக்கும், கடைசியில் ரத்தக்கசிவு. மூன்றாவதும் நான்காவதும் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை.

உள்ளே பிறந்த சூடு மெதுவாக வரும், போய்ப் போய்த் திரும்பும், சாப்பாடு, தூக்கம், மனநிலை, உழைப்பு ஆகியவற்றோடு ஏறி இறங்கும். லி தொங்யுவான் (1180–1251) இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று சொன்னார்: வெளி நோயில் புறங்கை அதிகம் சுடும், உள் நோயில் உள்ளங்கை அதிகம் சுடும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனாலும் தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்தானே.

படி 4: பெரிய பிரிவு, நிறைச் சூடா வறட்சிச் சூடா

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். அடுப்பில் பாத்திரம் கொதிக்கிறது என்று வையுங்கள். தீ அதிகமானாலும் கொதிக்கும், தண்ணீர் குறைந்தாலும் கொதிக்கும். முதலாவதில் தீயைத் தணிக்க வேண்டும், இரண்டாவதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தீ என்பது யாங், தண்ணீர் என்பது யின். தீ மிகுந்து வருவது நிறைச் சூடு, தண்ணீர் குறைந்து வருவது வறட்சிச் சூடு. எட்டாம் நூற்றாண்டில் வாங் பிங் பழைய மருத்துவ நூலுக்கு உரை எழுதும்போது, குளிர்ச்சி கொடுத்தும் தணியாத சூட்டுக்கு நீரின் தலைவனைப் பலப்படுத்தி ஒளியை அடக்கு என்று எழுதினார், இன்றுவரை வறட்சிச் சூட்டுக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி.

நிறைச் சூடு சத்தமாக வரும். முகம் முழுவதும் சிவக்கும், குரல் உரக்க இருக்கும், ஜன்னலைத் திற, ஃபேனை வை என்று கேட்பார்கள். ஜில்லென்ற தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள், குடித்தால் நிம்மதியாக இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும், மலம் இறுகும், வாய் நாறும். நாக்கு சிவந்து, மேலே மஞ்சள் படிவு தடிப்பாகக் காய்ந்திருக்கும். நாடி விரைவாக, விரலைத் தள்ளுகிற பலத்தோடு அடிக்கும். இதன் உச்சத்தைப் பெருங்காய்ச்சல், பெருந்தாகம், பெருவியர்வை, பெருநாடி என்று நான்கு "பெரு"வாகச் சொல்வார்கள், ஜிப்சம், ஜிமூ கிழங்கு, அதிமதுரம், அரிசி சேர்ந்த வெண்புலிக் கஷாயம் இதற்கானது.

வறட்சிச் சூடு சத்தமே போடாது, அதனால்தான் தப்பிவிடுகிறது. பகலெல்லாம் சுமாராக இருப்பார்கள், மாலையில் மெல்ல ஏறும், படுத்த பிறகு உள்ளங்கை, உள்ளங்கால், நெஞ்சு ஆகிய ஐந்து இடமும் கனலும், போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொள்வார்கள். தூங்கும்போது வியர்த்து, விழித்ததும் நின்றுவிடும். முகம் முழுவதும் சிவக்காது, கன்ன எலும்பின் மேல் மட்டும் சிவப்புத் திட்டு. வாயும் தொண்டையும் காயும், ஆனால் இரண்டு மடக்கு குடித்தால் போதும். மெலிந்த உடம்பு, தூக்கம் லேசு, இடுப்பு வலி, காதில் இரைச்சல். நாக்கு சிவந்திருக்கும், படிவு மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை, சில சமயம் வெடிப்புகள். நாடி விரைவு, ஆனால் நூல் போல மெல்லியது.

யாருக்கு வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். வருஷக்கணக்கில் இரவு கண்விழிப்பவர்கள், நீண்ட நோயிலிருந்து எழுந்தவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்கள், முதியவர்கள். செஜியாங்கின் யிவூவைச் சேர்ந்த சூ தான்ஷி (1281–1358) மனிதனில் யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் பற்றாக்குறை என்றே கொள்கை வகுத்தார். அவருக்கு முந்தைய தலைமுறைகளில் ஹெஜியனின் லியூ வான்சூ பெரும்பாலான நோய்கள் நெருப்பாகத்தான் மாறுகின்றன என்று சொல்லிக் குளிர்ச்சி மூலிகைகளைத் தாராளமாகக் கொடுத்தார். இருவரும் சூட்டைத்தான் பார்த்தார்கள், லியூ தீயைப் பார்த்தார், சூ தண்ணீரைப் பார்த்தார், இருவரையும் சீன மருத்துவம் நான்கு பெரும் ஆசான்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

வறட்சிச் சூட்டுக்குக் கசப்பான லியாங்சா குடித்தால் ஓரிரு நாள் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் கசப்பும் குளிர்ச்சியும் சேர்ந்த மூலிகை உடம்பின் ஈரத்தை மேலும் உலர்த்தும் என்பது இந்த மருத்துவத்தின் பழைய எச்சரிக்கை, ஆகவே சூடு திரும்ப வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே வரும். தணிக்கத் தணிக்கத் திரும்பும் சூடு என்றாலே இந்த வகையைச் சந்தேகியுங்கள்.

படி 5: கலப்படம் இருக்கிறதா

நிறை, வறட்சி என்ற இரண்டில் எதிலும் பொருந்தாமல் நிற்பவர்கள் நிறைய. அவர்களுக்கு மூன்று கேள்விகள்.

ஈரம் கலந்திருக்கிறதா? தெற்குச் சீனாவின் புழுக்கமான குவாங்டொங்கில் லியாங்சா வேர்விட்டதற்கே காரணம் இந்த ஈரச் சூடு என்பார்கள். உடம்பு கனக்கும், தலையில் ஈரத்துணி சுற்றியது போலிருக்கும், வாயில் பிசுபிசுப்பு, தாகம் எடுக்கும் ஆனால் குடிக்கப் பிடிக்காது. மலம் கட்டியாக இருக்காது, ஒட்டும், கழுவிய பிறகும் சுத்தமான மாதிரி இருக்காது. சிறுநீர் மஞ்சள், பெண்களுக்கு மஞ்சள் வெள்ளைப்படுதல், தோலில் நீர் கசியும் சொறி. தோலைத் தொட்ட உடனே சூடு தெரியாது, கையை வைத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லச் சுடும். வியர்த்தாலும் சூடு இறங்காது. நாக்கில் மஞ்சள் படிவு, ஆனால் காய்ந்திருக்காது, எண்ணெய் பூசினாற்போல் வழவழப்பாகத் தடித்திருக்கும். வறட்சிச் சூட்டோடு இதைக் குழப்பினால் விளைவு மோசம், ஏனென்றால் வறட்சிக்குக் கொடுக்கும் இனிப்பான, பசைத்தன்மை கொண்ட மூலிகைகள் ஈரத்தை இன்னும் இறுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரே பார்வையில் பிரிப்பது நாக்கின் படிவுதான்: ஒன்றில் கிட்டத்தட்ட இல்லை, மற்றதில் அளவுக்கு மேல்.

அடைபட்டிருக்கிறதா? சீன மருத்துவத்தில் ச்சி, அதாவது உடம்பின் உயிர்ச்சக்தி, ஓட வேண்டும், அதை ஓட விடுவது கல்லீரலின் வேலை. சொல்ல முடியாத கோபம், மேலதிகாரியிடம் விழுங்கிய வார்த்தைகள், முடிவுக்கு வராத கவலை, இவையெல்லாம் அந்த ஓட்டத்தை நிறுத்தும், நின்றது நாளடைவில் சூடாகும். விலாவில் இறுக்கம், பெருமூச்சு, தொண்டையில் ஏதோ சிக்கிய உணர்வு, காலையில் வாய்க்கசப்பு, நெற்றிப்பொட்டில் தலைவலி, மாதவிடாய்க்கு முன் மார்பு வீங்கி எரிச்சல். அடையாளம் ஏற்ற இறக்கம்தான்: சண்டை போட்ட அன்று கண் சிவந்து முகம் எரியும், விடுமுறையில் ஒன்றுமே இருக்காது. நாக்கின் இரு ஓரமும் சிவக்கும், நாடி இழுத்துக் கட்டிய தந்தி போலிருக்கும். வெறும் குளிர்ச்சி கொடுத்தால் அடைப்பு இன்னும் உறையும் என்பதால், அடைப்பை அவிழ்க்கும் சைஹூ வேர், புதினா வகையோடு சேர்த்துத்தான் தணிப்பார்கள்.

மூன்றாவது, சோர்வினால் வந்ததா? இதைக் கேட்கவே பலருக்குத் தோன்றாது, சோர்வு என்றால் உடம்பு குளிரத்தானே வேண்டும் என்று நினைப்போம். 1232-ல் மங்கோலியர்கள் கைஃபெங் நகரை முற்றுகையிட்டார்கள். முற்றுகை முடிந்த பின் நகரத்துக்குள் ஜனங்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வைத்தியர்கள் வெளியிலிருந்து வந்த நோய் என்று வியர்க்க வைத்தும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், அதனால் இன்னும் செத்தார்கள். அங்கே இருந்த லி தொங்யுவான் வேறு மாதிரி யோசித்தார். மாதக்கணக்கில் பட்டினி, அச்சம், ஓய்வில்லாத உழைப்பு, இதில் மண்ணீரலும் இரைப்பையும் உடைந்துபோன மனிதர்களிடம் தோன்றும் காய்ச்சலைச் சோர்வே உண்டாக்குகிறது, அதற்குத் தேவை சத்து என்றார். கைஃபெங்கில் பரவியது இன்றைய கணக்கில் என்ன தொற்று என்பது தனி விவாதம். மருத்துவ வரலாற்றில் அவர் கேள்வி நிலைத்துவிட்டது: இனிப்பும் வெதுவெதுப்புமான மூலிகையால் பெருஞ்சூட்டை நீக்குவது என்ற, கேட்டதும் முரணாகத் தெரிகிற முறை அவருடையது.

இந்தச் சூடு உழைத்தால் ஏறும், படுத்தால் இறங்கும். பேசவே அலுப்பு, சும்மா இருக்கும்போதே வியர்வை, பசியில்லை, மலம் இளகும், அடிக்கடி சளி பிடிக்கும். நாக்கைப் பார்த்தால் சிவப்பே இருக்காது, வெளிறி, வீங்கி, ஓரங்களில் பல் பதிந்த தடம். நாடி பெரிதாகத் தெரிந்தாலும் அழுத்தினால் காணாமல் போகும். இவர்களுக்குத்தான் லியாங்சா அதிகக் கெடுதல் செய்கிறது. சூடு என்ற புகாரோடு வருபவரின் நாக்கு வெளிறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், குளிர்ச்சியான எதையும் கொடுக்காதீர்கள்.

படி 6: எந்த இடத்தில்

வகை தெரிந்த பிறகுதான் இடம். நுனி நாக்கு சிவந்து புண், தூக்கமின்மை, நெஞ்சில் பதற்றம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றால் இதயம். இதயத்தின் சூடு சிறுகுடல் வழியாகச் சிறுநீருக்கு இறங்கும் என்பது இவர்கள் கணக்கு, சாங் வம்ச காலத்துக் குழந்தை மருத்துவர் ச்சியன் யி இதற்கென்றே ஒரு கஷாயம் வகுத்தார். ஈறு வீக்கம், வாய்நாற்றம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி என்றால் இரைப்பை, நாக்கின் நடுவே மஞ்சள் தடிக்கும். கெட்டியான மஞ்சள் சளி என்றால் நுரையீரலில் நிறைச் சூடு, சளி வராத வறட்டு இருமல் என்றால் அங்கே வறட்சி. கண் சிவப்பு, வாய்க்கசப்பு, பக்கவாட்டுத் தலைவலி கல்லீரலுக்கு. இடுப்பு, காது இரைச்சல், உள்ளங்கால் எரிச்சல் சிறுநீரகத்துக்கு, சிறுநீரகத்தின் சூடு வறட்சிச் சூடாகவே இருக்கும்.

படி 7: நாடியும், போலிச் சூடும்

நாடியை வீட்டில் முழுதாகக் கற்க முடியாது, நிஜ வைத்தியருக்கே வருஷங்கள் ஆகும், ஒரே நோயாளியை இருவர் பார்த்து இரண்டு நாடிப் பெயர் சொல்வதும் நடக்கிறது. வேகமும் பலமும் மட்டும் பாருங்கள். வைத்தியரின் ஒரு மூச்சுக்கு நான்கைந்து துடிப்பு இயல்பு, அதற்கு மேல் விரைவு. கடிகாரக் கணக்கில் நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டுவது. லேசாக வைத்துப் பாருங்கள், பிறகு எலும்புவரை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் அடித்தால் நிறை, நழுவினால் குறை, அதாவது வறட்சியோ சோர்வோ. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் நாடி வேகத்தை நம்ப வேண்டாம், மாத்திரையே அதைக் குறைத்துவிடும்.

மேலே சூடு, உள்ளே குளிர் என்ற நிலையும் உண்டு: கன்னத்தில் சாயம் பூசினாற்போல் சிவப்பு, ஆனால் கைகால் ஜில், வெந்நீர்தான் பிடிக்கிறது, சிறுநீர் தண்ணீர் போலத் தெளிவு. இதன் தலைகீழ், உள்ளே கொதிக்கும் சூடு, வெளியே பனிக்கட்டி மாதிரி கைகால்: நெஞ்சும் வயிறும் சுடும், ஜில் தண்ணீர் கேட்பார்கள், சிறுநீர் கறுத்திருக்கும். பாடப்புத்தகத்தில் இவை சுவாரசியமான வகைகள். வீட்டில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சலோடு கைகால் சில்லிட்டால், நினைவு மங்கினால், நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

படி 8: ஒரு அறிகுறியை எடுத்து ஓட்டிப் பாருங்கள்

வாய்ப்புண்ணையே எடுப்போம். நேற்று பொரித்ததும் காரமும் அளவுக்கு மேல் சாப்பிட்டு, இன்று நாலைந்து புண், சுற்றிலும் கருஞ்சிவப்பு வளையம், தண்ணீர் பட்டாலே வலி, மலச்சிக்கல்: நிறை, இரைப்பை அல்லது இதயம். மாதத்துக்கு ஒருமுறை, தூக்கம் கெட்ட வாரத்தில், ஒன்றிரண்டு மட்டும், வளையம் இளஞ்சிவப்பு, வலி இரவில் அதிகம், வாய் காய்கிறது: வறட்சி. புண்ணின் மேல் மஞ்சளாகப் பிசுபிசுப்பு, வயிறு உப்புசம், மலம் ஒட்டுகிறது: ஈரம். மாதவிடாய்க்கு முன்பே தவறாமல், எரிச்சலோடு: அடைப்பு. புண் வெளிறியிருக்கிறது, சிவப்பே இல்லை, வேலை மிகுந்த நாட்களில் வருகிறது, ஆறத் தாமதம்: சோர்வு. ஐந்து பேரும் கடையில் "வாய்ப்புண், சூடு" என்றுதான் சொல்வார்கள், ஐந்து பேருக்கும் கிடைப்பது அதே கிண்ணம்.

நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. ஈரச் சூடு நீண்டகாலம் நின்றால் வறட்சியும் சேரும், அடைப்பு இருப்பவருக்குச் சோர்வும் கூடவே வரும். அப்போது எது முன்னால் வந்தது, எது இப்போது மேலோங்கி நிற்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டு, மேலோங்கியதை முதலில் கவனிப்பார்கள்.

படி 9: தணிப்பது

வீட்டளவில் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைச் சூட்டுக்குப் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர், பாகற்காய், வெண்பூசணி. கண் எரிச்சலுக்கு உலர்ந்த செவ்வந்திப் பூத் தேநீர். வறட்சிக்குப் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்தது, ஜெல்லி போலிருக்கும் வெண்காளான், லில்லிக் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினொரு மணிக்கு முன் தூக்கம். ஈரத்துக்குப் பார்லி போலிருக்கும் யிரென் மணியைச் சிவப்புக் காராமணி வகையோடு வேகவைப்பார்கள் (கர்ப்பிணிகளுக்கு யிரென் கொடுப்பதில்லை), கூடவே இனிப்பு, பால், மது குறைப்பு. அடைப்புக்கு ரோஜா மொட்டு, புதினா, நடை, மனம்விட்டுப் பேச ஒரு ஆள். சோர்வுக்கு வெதுவெதுப்பான கஞ்சி, ஓய்வு, ஜில் பானங்களை நிறுத்துவது.

மூலிகை மாத்திரை டப்பாக்களை இணையத்தில் பார்த்து வாங்காதீர்கள். கல்லீரல் நெருப்புக்கான பிரபல கலவையான லோங்தான் மாத்திரையில் ஒரு காலத்தில் குவான் முதோங் என்ற கொடியைச் சேர்த்தார்கள், அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். அதே அமிலமுள்ள இன்னொரு சீன மூலிகை கலந்த மெலிவு மாத்திரைகளால் பிரஸ்ஸல்ஸில் பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது 1993-ல் மருத்துவ இதழில் வெளியானது, சீனா குவான் முதோங்கை 2003-ல்தான் நீக்கியது. கசப்பு வகையில் முதன்மையான ஹுவாங்லியனும் எல்லோருக்கும் ஆகாது: ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை பயத்தில் சிங்கப்பூர் அதை 1978-லிருந்து பல வருஷம் தடை செய்திருந்தது. குழந்தைகள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் யாரும் தகுதியுள்ள வைத்தியரைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம், டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

சாப்பாட்டை மாற்றி நான்கைந்து நாள் கழித்து அதே ஜன்னலில் அதே நேரத்தில் நாக்கைப் படம் எடுத்து முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் மெலிந்து வெள்ளையானால் வழி சரி. புண் ஆறியும் நாக்கு வெளிறி, மலம் இளகி, பசி குறைந்தால் குளிர்ச்சி அதிகமாகிவிட்டது, அன்றே நிறுத்துங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் படி 4-க்குத் திரும்பி வாருங்கள்.

வைத்தியரிடம் போகும்போது "எனக்கு உடம்பு சூடு" என்று ஆரம்பிக்க வேண்டாம். எப்போது ஏறுகிறது, என்ன குடிக்கப் பிடிக்கிறது, சிறுநீர் என்ன நிறம், இதுவரை எதைக் குடித்து என்ன ஆனது, என்னென்ன மாத்திரை எடுக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அன்று காலை நாக்கை வழிக்காமல் போங்கள்.